இடக்கை

மழைக்கு முன் அலமாரியின் அடித்தட்டைக் காலி செய்தபோது ஒற்றைச் சாக்ஸ் ஒன்று கையில் வந்தது. மஞ்சள் நிறம். உள்ளங்காலில் வரிசையாக நீல ரப்பர் புள்ளிகள். யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்ததும் மோந்து பார்த்தேன். ரப்பர், சானிடைசர், நூறு குழந்தைகள் தவழ்ந்த ஸ்பாஞ்சுத் தரை, ஏசிக் குளிரில் உலராமலே போன வியர்வை. அந்த வாசனைக்குள் ஒரு சுரங்கம் இருக்கிறது. சுரங்கத்துக்குள் இதே போல ஒரு ஜோடி மஞ்சள் சாக்ஸ், உள்ளங்கால்கள் என் முகத்தைப் பார்க்க, அசையாமல் கிடக்கிறது. அதற்குள் இருந்த மனிதரோடு நான் அரைமணி நேரம் பேசியிருக்கிறேன்.

அவர் ஹார்பர் லைனில் லோக்கல் ரயில் ஓட்டினார். மோட்டார்மேன். ஒருவேளை இன்றும் ஓட்டிக்கொண்டிருக்கலாம். ஒருவேளை நான் ஏறும் வண்டியையே ஓட்டலாம். ரயிலில் போகிறவனுக்குத் தன் வண்டியை ஓட்டுகிறவன் முகம் தெரிவதில்லை.

என் மகள் பூர்ணாவுக்கு அப்போது ஐந்து வயது. எனக்கு நாற்பத்தேழு. என் மனைவிக்கு ஆஸ்பத்திரி லேபில் ஞாயிறுதோறும் டூட்டி. மாட்டுங்கா ஃப்ளாட்டின் இரண்டு அறைகளில் ஒரு குழந்தையையும் என்னையும் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமைக்கு அடைத்துவைத்தால் மூன்று மணிக்குள் இருவரில் ஒருவர் அழுதுவிடுவோம். ஆகவே கிங்ஸ் சர்க்கிளில் பஸ் பிடித்து, செம்பூர்ப் பக்கம் ஒரு மாலின் மூன்றாம் மாடியில் இருந்த குழந்தைகள் மியூசியத்துக்குப் போவோம். கண்ணாடிக்குப் பின்னால் எலும்புக்கூடு வைத்திருக்கும் மியூசியம் இல்லை. எல்லாவற்றையும் தொடலாம். தொட்டே ஆகவேண்டும். சுவர் முழுக்க எழுதியிருப்பார்கள்: தொடு, இழு, தள்ளு, ஏறு, கவிழ்.

தொட முடியாத ஒன்றே ஒன்று வாசல் கதவு. ஒரு டிக்கெட்டுக்கு இரண்டு மணி நேரம். செருப்பைக் கழற்றவைத்து எல்லோருக்கும் ரப்பர் புள்ளி மஞ்சள் சாக்ஸ் தருவார்கள். பெரியவர் மணிக்கட்டிலும் குழந்தை மணிக்கட்டிலும் ஒரே எண் போட்ட காகிதப் பட்டை ஒட்டுவார்கள். இரண்டு எண்ணும் சேர்ந்து வந்தால்தான் கதவு திறக்கும். பிள்ளையைத் திருடிக்கொண்டு யாரும் போய்விடக் கூடாதல்லவா. நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஒரு சிகரெட்டுக்கு, ஒரு வாய் காற்றுக்கு வெளியே போக நினைத்த அப்பன்களுக்கு அது ஜெயில். நான் நினைத்துக்கொண்டே இருந்தேன்.

முதல் ஞாயிறு, கவுண்டரில் எனக்கு முன்னால் அவர் நின்றார். அகன்ற முதுகு, வெள்ளைச் சட்டை, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை. இடக்கையால் ஒரு சின்னப் பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். கவுண்டர் பெண் பட்டையை நீட்டி, "ஸர், லெஃப்ட் ஹேண்ட்" என்றாள். அவர் வலக்கையை நீட்டினார். "நஹீ ஸர், லெஃப்ட்." மறுபடியும் வலக்கை. இடக்கை பிள்ளையை விடவில்லை. கடைசியில் அவள், கோத்திருந்த அந்த இரண்டு கைகளிலும் அப்படியே, பக்கத்தில் பக்கத்தில், இரண்டு பட்டையையும் ஒட்டினாள்.

"இனி ரெண்டு மணி நேரம் நகர முடியாது" என்று நான் யாருக்கும் இல்லாமல் தமிழில் முனகினேன்.

அவர் திரும்பினார். முகமெல்லாம் சிரிப்பு.

"காப்புக் கட்டியாச்சு அண்ணாச்சி. இனி கொடை முடியாம ஊரெல்லையத் தாண்டப்பிடாது."

திருநெல்வேலிப் பக்கம் கோயில் கொடைக்குக் காப்புக் கட்டியவர்கள் அப்படித்தானாம். விழா முடியும்வரை வெளியூர் போகக் கூடாது. அவர் அப்பா காலத்திலேயே தாராவிக்கு வந்துவிட்ட குடும்பம். இவர் செம்பூர் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தார். பெண்ணுக்கு வீட்டில் இசக்கி. ஸ்கூலில் இஷிகா. இரண்டு பெயருக்கும் அவள் திரும்பமாட்டாள். அப்பா கை திரும்பினால்தான் திரும்புவாள்.

அந்தக் கையைத்தான் நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அது எப்போதும் எதையாவது அமுக்கிக்கொண்டிருக்கும். பிள்ளையின் மணிக்கட்டு. இல்லாவிட்டால் அவள் உச்சந்தலை. அவள் கழிப்பறைக்குப் போன இரண்டு நிமிடம், சுவரின் ஒரு ஸ்விட்ச்பெட்டி. கான்டீனில் டீ வாங்கினால் வலக்கையில் டீ, இடக்கையின் கீழே மேஜை. மேஜை ஓடிவிடாது. இருந்தாலும் அமுக்குவார். விரல்கள் பரந்து, உள்ளங்கை தட்டையாக, மணிக்கட்டில் நரம்பு லேசாகப் புடைத்து. அலட்சியமாக வைத்த கை இல்லை அது. வேலை செய்துகொண்டிருக்கும் கை.

இரண்டாவது ஞாயிறு காரணம் தெரிந்தது. மியூசியத்தின் ஒரு மூலையில் ப்ளைவுட்டில் ஒரு லோக்கல் ரயிலின் முகப்பு செய்து வைத்திருந்தார்கள். உள்ளே ஒரு ஸ்டூல், மரக் கைப்பிடி, பின்னால் கயிறு கட்டிய வெண்கல பெல். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து இசக்கியை மடியில் வைத்து, அவள் கையைக் கைப்பிடியில் வைத்து, அதன் மேல் தன் இடக்கையை வைத்து அமுக்கினார். எதிரில் சுவரில் வரைந்த தண்டவாளம். அவர் கண் அதைவிட்டு அகலவில்லை. இரண்டு நிமிடம். ஐந்து நிமிடம். வரிசையில் பிள்ளைகள் சிணுங்க ஆரம்பித்தார்கள். ஒரு குஜராத்தி அம்மாள், "பாய்ஸாப், பச்சோங் கோ பீ தீஜியே" என்று பிள்ளைகளுக்கும் இடம் கேட்டாள். அவர் நெற்றியில், அந்த ஏசியில், வியர்வை. எழுந்திருக்க விரும்பியதும் எழுந்திருக்க முடியாததும் முகத்தில் ஒன்றாகத் தெரிந்தது.

பூர்ணா பின்னால் போய்க் கயிற்றை ஒரு இழுப்பு இழுத்தாள். டிங்.

இடக்கை தானாக எழும்பியது. சுடுசட்டியில் பட்டதுபோல. அவரே அதைப் பார்த்து ஒரு விநாடி திகைத்தார். பிறகு வெட்கப்பட்டுச் சிரித்தார்.

"ஒரு பெல்லுன்னா நில்லு. ரெண்டு பெல்லுன்னா கெளம்பு. வண்டிக்குப் பின்னால கடைசியில கார்டு இருப்பாருல்லா, அவரு அடிப்பாரு. அவரு மூஞ்சி நமக்குத் தெரியாது. பெல்லு மட்டுந்தான் தெரியும். இருவது வருசம் கேட்ட காது அண்ணாச்சி, மண்டைக்குப் போவாது. நேராக் கைக்குப் போயிரும்."

"அது சரி, ஏன் அப்படி அமுக்கறேள்?"

"அமுக்கி வச்சாத்தான் ஓடும். கையை எடுத்தா நின்னுரும். ஓட்டுதவன் சீட்டுலயே செத்துப்போனான்னு வைங்க, கை லூசாவும், வண்டி தானா நிக்கும். ஜனங்க பொழைச்சுக்கிடும். அதுக்குத்தான் அப்பிடி ஒரு ஏற்பாடு." மடியிலிருந்து இறங்கிய பிள்ளையின் மணிக்கட்டை அதற்குள் கை தேடிப் பிடித்துவிட்டது. "நான் உசுரோட இருக்கேன்கதுக்கு இந்தக் கைதான் அத்தாச்சி."

வேடிக்கையாகத்தான் சொன்னார். பன்வேலில் இருந்து சி.எஸ்.டி. ஸ்டேஷன் வரைக்கும் ஒரு மனிதன் தான் சாகவில்லை என்று ஒவ்வொரு விநாடியும் உள்ளங்கையால் எழுதிக்கொண்டே போகிறான் என்பதை நான் பஸ்ஸில் வீடு திரும்பும்போது யோசித்தேன். 

அதற்குப் பிறகு ஞாயிறுகளில் நாங்கள் ஒருவரையொருவர் எதிர்பார்க்கத் தொடங்கினோம். கைதிகள் எதிர்பார்ப்பதுபோல. என் கை அவர் கைக்கு நேர் எதிர். ஒரு இடத்தில் தங்காது. பையைத் துழாவும், போனைத் தடவும், கடிகாரத்தைத் திருப்பும். பூர்ணாவை அவிழ்த்துவிட்டால் இருபது நிமிடம் அவள் இருக்கும் திசையையே மறந்துவிடுவேன்.

"அண்ணாச்சி, ஒங்க பிள்ளை எங்க?"

"இங்கதான், எங்கயாவது விளையாடிண்டிருப்பா."

"எங்கயாவதுன்னா எங்க?"

எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரியும். "தண்ணித் தொட்டிக்கிட்ட நிக்கா. நீலச்சட்டைப் பயலுக்கும் அவளுக்கும் வாளிக்குச் சண்டை" என்பார். சரியாக இருக்கும். தன் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு என் பிள்ளையையும் கண்ணால் அமுக்கிவைத்திருந்தார். எனக்கு நன்றியாகவும் இருந்தது, மூச்சு முட்டவும் செய்தது. இசக்கியோ, தண்ணீர்த் தொட்டிக்கு முன் அப்பா கை எட்டும் தூரம் வரை நடப்பாள், கயிறு தீர்ந்த கன்றுக்குட்டி மாதிரி நின்று, எட்டாத வாளியைப் பார்ப்பாள், திரும்பிவிடுவாள். இழுத்துக்கூடப் பார்க்கமாட்டாள். அதுதான் என்னைத் தொந்தரவு செய்தது.

மாலுக்கு வெளியே, எங்கள் இரண்டு மணி நேரக் கொடை முடிந்து காப்பு அவிழ்த்த ஒரு மாலை, டீக்கடையில் நின்று அவர் சொன்னார். கேட்காமலே சொன்னார். பிள்ளையின் உச்சந்தலையில் கை.

"சுனாபட்டி ஸ்டேஷன் தாண்டி ஒரு வளைவு, கேட்டியளா. காலையில எட்டரை இருக்கும். ஒரு பொம்பளை பிள்ளையோட தண்டவாளத்தத் தாண்டுதா. தாண்டிட்டா. அந்தப் பக்கம் போயிட்டா. அப்பந்தான் செருப்பு கழண்டு விழுந்துட்டு. எடுக்கக் குனிஞ்சா. கையை விட்டா. பிள்ளை திரும்பி வண்டிப் பாதைக்கே ஓடிவருது. நான் ஹாரனை அடிச்சேன். பிரேக்கைப் போட்டேன். கையை விட்டேன்."

"ஐயோ."

"ஒண்ணும் ஆவல அண்ணாச்சி. வண்டி நின்னுட்டு. பிள்ளைக்கும் எஞ்சினுக்கும் நடுவுல, இந்தா, இந்த டீக்கடைக்கும் அந்தக் கம்பத்துக்கும் உள்ள தூரம். அது என்னையப் பாத்துக் கையக் கையக் காட்டி டாட்டா சொல்லுது. அவ வந்து தூக்கிட்டுப் போயிட்டா. நான் ரெண்டு பெல் வாங்கிட்டுக் கெளம்பிட்டேன். நாலு நிமிசம் லேட்டு. அவ்வளவுதான்." டீயைக் குடித்து முடித்தார். "ஒண்ணும் ஆவல. அதான் எழவு. ஏதாவது ஆயிருந்தா அழுது தீத்திருப்பேன்."

இசக்கிக்கு அப்போது ஒரு வயது. நடக்கத் தொடங்கியிருந்தாள். அன்று மாலை வீட்டுக்கு வந்து பிடித்த மணிக்கட்டு.

நர்சரியில் சேர்த்தபோது, ஓய்வு நாட்களில் வகுப்புக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பாராம். டீச்சர் பொறுத்துப் பார்த்தார். ஒருநாள் மணி அடித்த பின்னும் வாசலில் பிடியை விடாமல் நின்றதில், பிள்ளை அவருக்கும் டீச்சருக்கும் நடுவில் கை நீண்டபடியே சிறுநீர் கழித்துவிட்டாள். அன்றோடு நர்சரி நின்றது. அவர் மனைவி கத்தவில்லை. கணக்காக ஒரே ஒரு வார்த்தை சொன்னாளாம். ஜூனில் பெரிய ஸ்கூல் திறக்கிறது. அதற்குள் இந்தக் கை விடப் பழகவில்லையென்றால், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஊரில் தன் அக்காள் வீட்டுக்குப் போய் அங்கே பள்ளியில் சேர்த்துவிடுவாளாம். மியூசியமும் அவள் ஏற்பாடுதான். அங்கே எல்லாப் பிள்ளையும் அவிழ்த்துவிட்டது போல ஓடும். பார்த்துப் பார்த்தாவது பழகட்டும்.

"பழகுதீங்களா?" என்றேன், அவர் பேச்சையே திருப்பி.

"பழகிக்கிட்டு இருக்கேன். இன்னைக்கு அஞ்சு விரல்ல நாலுதான் பிடிச்சிருக்கு, பாருங்க." காட்டினார். சுண்டுவிரல் மட்டும் தூக்கி இருந்தது. 

மே மாதக் கடைசி ஞாயிறு. அவர் மனைவி நான்கு மணிக்கு வாசலுக்கு வருவதாக இருந்தாள். அவள் கேட்டது ஒன்றுதான்: எறும்புப் புற்றுக்குள் இசக்கி தனியாகப் போய் வரவேண்டும்.

எறும்புப் புற்று என்பது அந்த மியூசியத்தின் சுரங்கம். ப்ளைவுட்டில் செய்து உள்ளே கறுப்பு அடித்தது. மூன்று வளைவு. கும்மிருட்டு. சுவரில் ஒரு இடத்தில் பஞ்சு, ஒரு இடத்தில் உப்புத்தாள், ஒரு இடத்தில் குளிர்ந்த இரும்பு. கண் தெரியாமல் கையால் மட்டும் தடவித் தடவி மறுபக்கம் வரவேண்டும். வாயில் மூன்று மொழியில் எழுதியிருந்தது: பெரியவர்கள் நுழையக் கூடாது.

அவர் காலையிலிருந்து சாப்பிடவில்லை என்று நினைக்கிறேன். சுரங்க வாயில் மண்டியிட்டார். பூர்ணா முதலில் பாய்ந்து போய் மறுபக்கம் வந்துவிட்டாள். இசக்கி உள்ளே தவழ்ந்தாள். மணிக்கட்டை அவர் விட்டார். நான் பார்த்தேன், விட்டார். விட்ட கை, தவழ்ந்துபோகும் கணுக்காலைப் பிடித்தது.

"ஏட்டி இசக்கி, பையப் போ" என்றார்.

அவள் போனாள். கை போனது. கையின் பின்னால் தோள் போனது, தலை போனது, வெள்ளைச் சட்டை போனது. ஆரஞ்சு டீ-ஷர்ட் போட்ட பணிப்பெண் "ஸர்! ஸர்! அல்லாவ்ட் நஹீ ஹை!" என்று ஓடிவருவதற்குள் வெளியே மிஞ்சியது முழங்காலுக்குக் கீழே இரண்டு கால். பிறகு அதுவும் உள்ளே நழுவியது. பிறகு ஒரு முனகல். பிறகு அசைவில்லை.

முதல் வளைவில் மாட்டிக்கொண்டார். இடக்கை வளைவுக்கு அந்தப் பக்கம் நீண்டு முழங்கை பூட்டிக்கொண்டது. தோள் இந்தப் பக்கம் இறுகிவிட்டது. முன்னால் போக வளைவு விடவில்லை. பின்னால் வரக் கை விடவில்லை.

பக்கப் பலகையைக் கழற்றலாம். ஆனால் அதற்கான திருகுச்சாவி சூப்பர்வைசரிடம். சூப்பர்வைசர் சாப்பிடப் போயிருக்கிறார். பணிப்பெண் போனில் மராத்தியில் கத்திக்கொண்டிருந்தாள். நான் தரையில் குப்புறப் படுத்துத் தலையை உள்ளே விட்டேன். இருட்டு. முகத்துக்கு ஒரு முழம் தள்ளி இரண்டு மஞ்சள் உள்ளங்கால்கள்.

"ஸார், கேக்கறதா?"

"கேக்கு அண்ணாச்சி." குரல் பலகைக்குள்ளிருந்து வந்தது. எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்தது.

"வலிக்கறதா?"

"இல்ல. ஹெட்லைட் இல்லாம நிக்க மாரி இருக்கு."

"இசக்கி எங்க?"

"கையில இருக்கா."

அப்போதுதான் புரிந்தது. அவள் மாட்டிக்கொள்ளவில்லை. அவளுக்கு முன்னால் வழி திறந்து கிடக்கிறது. பூர்ணா மறுவாயில் உட்கார்ந்து "இஷிகா, ஆ ஜா! இங்க வா! லைட் தெரியறது பார்!" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். கணுக்காலைப் பிடித்திருக்கிறது ஒரு கை. அதை விட்டால் அவள் வெளியே. கையை மடக்கினால் தோள் தளர்ந்து அவரும் வெளியே. ஐந்து விரல். அவ்வளவுதான் பூட்டு.

"ஸார், அவளை விட்டுடுங்கோ. அந்தப் பக்கம் என் பொண்ணு இருக்கா."

நான் இன்னும் ஒரு சாண் உள்ளே ஊர்ந்தேன்.

"நீங்கதானே சொன்னேள், கையை விட்டா வண்டி நின்னுடும்னு. விடறதுதானே பாதுகாப்பு? ஜனங்க பிழைச்சுக்கும்னு சொன்னேளே?"

நீளமாக ஒரு மூச்சு. ப்ளைவுட் அதோடு சேர்ந்து விம்மியது.

"வண்டி நிக்கும் அண்ணாச்சி. பிள்ளை நிக்குமா?"

 மாலின் பாட்டு எங்கோ மேலே ஓடியது. என் இடுப்புக்கு மேல் பகுதி சுரங்கத்துக்குள்ளும் கீழ்ப் பகுதி வெளிச்சத்திலும் கிடந்தது. பின்னால் பெற்றோர்கள் கூடி என் காலைப் பார்த்திருப்பார்கள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன் என்பதையும் சொல்லவேண்டும். இருட்டில் அதன் முள் பச்சையாகத் தெரிந்தது. மூன்று நாற்பது. ஒரு மனிதன் இப்படிக் கிடக்கும்போது நான் நாலரை பஸ்ஸை நினைத்தேன்.

உள்ளே இசக்கி அழவில்லை. அழுதிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.  பிறகு, சுரங்கத்தின் ஆழத்திலிருந்து, சின்ன முஷ்டியால் பலகையில் ஒரு தட்டு.

டக்.

ஒன்றே ஒன்று.

மஞ்சள் உள்ளங்கால்கள் குலுங்கின. பலகைக்குள் ஏதோ பூட்டுத் திறந்த மாதிரி ஒரு சத்தம். அது அவர் முழங்கை என்று பிறகு தெரிந்தது. அந்தப் பக்கம் பூர்ணா "ஆகயீ! ஆகயீ!" என்று குதித்தாள். இசக்கி வெளியே வந்துவிட்டாள். நான் நகர்ந்து வழிவிட்டேன். அவர் வரவில்லை. தோள் தளர்ந்துவிட்டது, வரலாம், ஆனால் வரவில்லை. சூப்பர்வைசர் வந்து, பலகையைக் கழற்றவேண்டிய அவசியம் இல்லை என்று திருகுச்சாவியைப் பாக்கெட்டில் போட்ட பிறகும், அந்தக் கால்கள் அங்கேயே கிடந்தன. இரண்டு கையும் காலியாக ஒரு மனிதன் இருட்டில் என்ன செய்தார் என்று எனக்குத் தெரியாது.

கடைசியில் பின்பக்கமாக ஊர்ந்து வந்தார். சட்டை கறுப்பு. கண் கூசியது. தேடினார். இசக்கி தண்ணீர்த் தொட்டியருகே, நீல வாளியைக் கையில் பிடித்தபடி நின்றாள். அப்பாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் கூப்பிடவும் இல்லை. இடக்கை அந்தரத்தில் நின்றது. பிறகு போய் என் தோளில் உட்கார்ந்து அமுக்கியது. அந்தக் கனம் இன்றும் இந்தத் தோளுக்குத் தெரியும்.

நான்கு மணிக்கு வாசலில் அவர் மனைவி. ஒல்லியான பெண், நெற்றியில் நீளத் திருநீறு, கையில் டிபன் பை. நான்கு பட்டையும் சரிபார்த்துக் கதவு திறந்தது. இசக்கி தானாக நடந்து வெளியே வந்தாள். ஒரு கையும் அவளைப் பிடித்திருக்கவில்லை. அந்தப் பெண்ணின் முகம் ஒரு கணம் விளக்கு மாதிரி ஆனது. அவர் வெட்கத்தோடு கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

அவள் பிள்ளைக்குச் செருப்பு மாட்டக் குனிந்தாள். மஞ்சள் சாக்ஸைக் கழற்றினாள். கணுக்காலில் ஐந்து சிவப்புக் கோடு.

நிமிர்ந்தாள். அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, இவ்வொ ஒங்களப் பத்தி நெறைய சொல்லுவாவ. நீங்க பொய் சொல்ல மாட்டிய. இவ்வொ தானா விட்டாவளா?"

இப்போது நினைத்துப் பார்த்தால் எவ்வளவோ சொல்லியிருக்கலாம். ஆமாம் என்று ஒரே வார்த்தை. அது முழுப் பொய்கூட இல்லை. பூர்ணா என் சட்டையை இழுத்தாள். பஸ் போய்விடும். எனக்கு அந்த வாசலிலிருந்து, அந்த மூவரிடமிருந்து, அந்த இரண்டு மணி நேரத்திலிருந்து தப்பவேண்டும் போலிருந்தது. அவசரத்தில் நடந்ததை நடந்தபடியே சொல்லிவிட்டேன்.

"இசக்கி உள்ளேருந்து ஒரு தட்டு தட்டினா. உடனே விட்டுட்டார்."

அவள் தலையசைத்தாள். மோட்டார்மேன் வீட்டுப் பெண். ஒரு தட்டு என்றால் என்ன என்று அவளுக்கு யாரும் சொல்லவேண்டியதில்லை.

"அப்பம் டூட்டியில விட்டிருக்காவ," என்றாள் மெதுவாக. "அப்பனா விடல."

 அவர் பின்னால் கட்டிய கைகளில், இடக்கை வலக்கையை அமுக்கிக்கொண்டிருந்தது.

அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறு முதல் மழை. பூர்ணா எறும்புப் புற்றுக்குள் போயிருந்தாள். நான் வாசல் பக்கம் உலாத்திக்கொண்டிருந்தேன், வழக்கம்போல, கூண்டில் இருப்பதுபோல. கண்ணாடிக் கதவுக்கு வெளியே அவர். சட்டை நனைந்து தோளோடு ஒட்டியிருந்தது. தனியாக. கவுண்டர் பெண் சங்கடத்தோடு சொல்லிக்கொண்டிருந்தாள்: குழந்தை இல்லாமல் பெரியவரை உள்ளே விட அனுமதி இல்லை. பூர்ணா இல்லாமல் எனக்கு வெளியே போக அனுமதி இல்லை.

இரண்டு கண்ணாடிக் கதவுகளுக்கு நடுவே விரல் அகலம் இடைவெளி. அதன் வழியாகப் பேசினோம்.

"இன்னிக்கா ரெண்டு பேரும் ஊருக்குக் கிளம்பறா?"

"தாதர்ல ஏத்திவிடணும் அண்ணாச்சி. அவுக ரெண்டு பேரும் பிளாட்பாரத்துக்குப் போயிட்டாவ. நான் லக்கேஜைக் கொடுத்துட்டு, இந்தா வந்துருதேன்னு சொல்லிட்டு இங்க வந்துட்டேன். ஏன் வந்தேன்னு தெரியல."

"நான் அன்னிக்கு அப்படிச் சொல்லியிருக்கப்படாது."

"நீங்க பொய்யா சொன்னிய?" சிரித்தார். "உள்ளதத்தானே சொன்னிய. அவ கேட்டா, சரின்னுட்டேன். இந்த வருசம் அங்கன படிக்கட்டும். ஓடட்டும். அங்க ஓடுதுக்கு எடம் கெடக்கு."

இடக்கை கண்ணாடியில் பதிந்திருந்தது. விரல்கள் பரந்து, உள்ளங்கை தட்டையாக. கையைச் சுற்றிக் கண்ணாடியில் ஆவி படர்ந்து ஒரு சின்ன மூடுபனி. கதவு ஓடிவிடாது.

"வண்டி எத்தனை மணிக்கு?"

"இன்னும் ஒரு மணி நேரம்கூட இல்ல."

"அப்ப போங்கோ ஸார். குழந்தை தேடும். டாக்ஸி பிடிச்சா போயிடலாம்."

"போவணும்."

போகவில்லை. கையை எடுக்கப் பார்க்கிறார் என்பது தெரிந்தது. தோள் அசைந்தது, முழங்கை அசைந்தது, உள்ளங்கை மட்டும் அங்கேயே இருந்தது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர், நடுவில் ஐந்து விரல். கவுண்டர் பெண் எங்களைப் பார்க்காதது போல ரப்பர் புள்ளிச் சாக்ஸ்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

அவர் முகத்தைக் கதவிடுக்குக்கு அருகில் கொண்டுவந்தார். குரல் தாழ்ந்திருந்தது. கெஞ்சல் இல்லை அதில். வேலை சம்பந்தமாக ஒருவரிடம் கேட்பதுபோலக் கேட்டார்.

"அண்ணாச்சி, இந்தக் கண்ணாடியில ரெண்டு பெல் அடிங்க. கார்டு அடிக்காம நான் எப்பிடிக் கெளம்ப?"